கதிர் பட்டால் விழிக்கும் மரபணு: கணையப் புற்றுநோயில் ஒரு கூட்டுச் சிகிச்சையின் நிகழ்வு ஆய்வு

2010 மார்ச் மாதம் அமெரிக்காவில், 304 கணையப் புற்றுநோயாளிகள் பங்கேற்ற மூன்றாம் கட்டப் பரிசோதனை ஒன்று முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. மருந்தின் பெயர் டிஎன்எஃபரேட். மேரிலாந்து மாநிலத்தின் கெய்தர்ஸ்பர்க் நகரில் இயங்கிய ஜென்வெக் நிறுவனம் அதைத் தயாரித்தது. கதிர்வீச்சு படும் இடத்தில் மட்டும் விழித்தெழும்படி அமைத்த ஒரு மரபணுவை வைரஸில் ஏற்றி, ஊசி மூலம் கட்டிக்குள் செலுத்துவதுதான் சிகிச்சை. அதன் பின்னால் இருந்த அறிவியலில் பிழை இல்லை. ஆய்வகச் செல்களில் அது வேலை செய்தது, எலிகளில் வேலை செய்தது, மனிதர்களின் கட்டிகளிலும் பலனின் அடையாளம் காட்டியது. ஆனால் நோயாளிகளின் வாழ்நாள் நீளவில்லை.

அந்த இடைவெளி எப்படி வந்தது என்பதையே இங்கே படிப்படியாகப் பதிவு செய்கிறேன். வென்ற சிகிச்சைகளைப் பற்றி நிறையப் படிக்கிறோம். நன்றாக யோசித்து, ஒழுங்காகச் சோதித்து, தோற்றுப்போன ஒன்றைப் பற்றித் தமிழில் படிப்பது அரிது. பங்கேற்ற நோயாளிகள் யாரென்று வெளியே தெரியாது; இங்கும் அவர்கள் எண்களாகவே வருவார்கள். ஒவ்வோர் எண்ணும், வாரந்தோறும் கணையத்துக்குள் ஊசி ஏற்றச் சம்மதித்த ஒரு மனிதர் என்பதைப் படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பின்னணி: வெட்டி எடுக்க முடியாத கட்டி

கணையம் வயிற்றின் ஆழத்தில், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அதன் தலைப்பகுதியைச் சிறுகுடலின் முதல் வளைவு அணைத்துக்கொண்டிருக்கும். பின்னால் குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி ஓடுகிறது. புற்றுக்கட்டி அந்தத் தமனியைச் சுற்றிப் பிடித்துவிட்டால் அறுவைச் சிகிச்சை நிபுணர் கத்தியைக் கீழே வைத்துவிடுவார். அதே சமயம் ஸ்கேனில் கல்லீரலிலோ நுரையீரலிலோ நோய் தெரியாது. பரவவில்லை, ஆனால் வெட்டவும் முடியாது என்ற இந்த நிலையில் இருந்தவர்கள்தான் இந்த நிகழ்வின் நோயாளிகள்.

இவர்களுக்குக் கதிர்வீச்சோடு ஃப்ளூரோயுராசில் என்ற கீமோ மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். 1981இல் வெளிவந்த ஓர் அமெரிக்கக் கூட்டு ஆய்வில், கதிர்வீச்சை மட்டும் பெற்றவர்களின் நடுவளவு வாழ்நாள் 23 வாரம். ஃப்ளூரோயுராசிலும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 40 வாரத்தைச் சற்றுத் தாண்டியது. நடுவளவு என்றால் பாதிப் பேர் அதற்கு முன்பும் மறுபாதிப் பேர் அதற்குப் பின்பும் இறந்தார்கள் என்று பொருள். இந்த 40 வாரம் என்ற எண் பின்னால் மீண்டும் வரும்.

கதிர்வீச்சின் அளவை ஏற்றிக்கொண்டே போகலாமே என்று தோன்றலாம். முடியாது. கட்டியை ஒட்டியே இரைப்பையும் சிறுகுடலும் இருக்கின்றன. அவை தாங்கும் அளவு குறைவு. மீறினால் புண், இரத்தக் கசிவு, துளை. அதனால் 28 நாள்களாகப் பிரித்து, நாளுக்கு 1.8 கிரே (கதிர்வீச்சின் அளவைக் குறிக்கும் அலகு) வீதம், மொத்தம் 50.4 கிரேயோடு நிறுத்திக்கொள்வார்கள். கணையப் புற்றுநோயை அழிக்க அது போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே மருத்துவர்கள் தேடியது, அதே 50.4 கிரேயைக் கட்டிக்குள் மட்டும் கடுமையாக்கித் தரும் ஒரு துணையை.

அந்தத் துணை எங்கிருந்து வந்தது

1975இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை ஆய்வாளர்கள், எலிகளின் இரத்தத்தில் கட்டிகளை அழுகி உதிரச் செய்யும் ஒரு பொருளைக் கண்டறிந்தார்கள். கட்டியைச் சிதைக்கும் காரணி என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். இன்று டிஎன்எஃப் என்று அழைக்கிறோம். அது கட்டிக்கு உணவூட்டும் இரத்தக் குழாய்களைச் சேதப்படுத்தும், செல்களைக் கதிர்வீச்சுக்கு எளிதில் இரையாக்கும், நோயெதிர்ப்பு மண்டலத்தை உசுப்பிவிடும். கதிர்வீச்சுக்குத் துணையாக இதைவிடப் பொருத்தமான புரதம் அன்று வேறில்லை.

ஆனால் 1980களில் அதை நோயாளிகளின் இரத்தத்தில் செலுத்திப் பார்த்தபோது இரத்த அழுத்தம் சரிந்தது, கடும் காய்ச்சல் வந்தது. கட்டியைக் கொல்லும் அளவை எட்டும் முன்பே உடல் அதிர்ச்சி நிலைக்குப் போனது. எலிகளில் இவ்வளவு கடுமை தெரியாததற்கு ஒரு காரணம் உண்டு. மனித டிஎன்எஃப், எலிச் செல்களில் அது ஒட்டிக்கொள்ளும் இரண்டு ஏற்பிகளில் ஒன்றோடு மட்டுமே ஒட்டும். விலங்குச் சோதனையின் பாதுகாப்புக் கணக்கை அப்படியே மனிதருக்கு எடுத்துக்கொள்ளத் தயங்குபவர்களுக்கு இது நல்ல சான்று.

இந்தப் புரதம் முற்றிலும் கைவிடப்படவில்லை. கை அல்லது காலின் இரத்த ஓட்டத்தை உடலின் மற்ற பகுதியிலிருந்து தனியே பிரித்து, அந்த உறுப்புக்குள் மட்டும் டிஎன்எஃபைச் சுற்றவிடும் முறையை ஐரோப்பிய மருத்துவர்கள் உருவாக்கினார்கள். வெட்டி எடுக்க வேண்டியிருந்த கால்கள் பல அதனால் காப்பாற்றப்பட்டன. உள்ளூரில் அடைத்து வைத்தால் இந்தப் புரதம் உதவும் என்பது அதில் உறுதியானது. கணையத்தை அப்படிப் பிரித்துக் கட்ட முடியாது. அதை அடைத்து வைக்க வேறு வழி வேண்டியிருந்தது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் வைக்செல்பாமும், பாஸ்டனின் டானா ஃபார்பர் புற்றுநோய் நிலையத்தில் டொனால்ட் குஃபேயும் சக ஆய்வாளர்களோடு அந்த வழியைக் கண்டார்கள். கதிர்வீச்சு பட்ட செல்லில் சில மரபணுக்கள் உடனே விழித்துக்கொள்கின்றன; அவற்றில் ஒன்று ஈஜிஆர்-1. ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால், அது இயங்க வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் ஒரு டிஎன்ஏ துண்டு இருக்கும். அதைப் புரோமோட்டர் என்பார்கள். விளக்குக்குச் சுவிட்ச் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஈஜிஆர்-1இன் சுவிட்சை, கதிர்வீச்சால் செல்லுக்குள் உண்டாகும் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகள் போட்டுவிடுகின்றன. இந்தச் சுவிட்சை வெட்டி எடுத்து, டிஎன்எஃப் மரபணுவுக்கு முன்னால் ஒட்டினார்கள். அந்த ஜோடியை, தானாகப் பெருகும் திறன் நீக்கப்பட்ட அடினோவைரஸில் (சளி போன்ற நோய்களை உண்டாக்கும் ஒருவகை வைரஸ்) ஏற்றினார்கள். 1990களின் நடுவில் எலிக் கட்டிகளில் அது வேலை செய்தது.

எனக்கு இன்றும் வியப்பளிக்கும் யோசனை இது. வைரஸ் எங்கே போக வேண்டும் என்பதை ஊசி முடிவு செய்கிறது. மரபணு எங்கே, எப்போது பேச வேண்டும் என்பதைக் கதிர்க்கற்றை முடிவு செய்கிறது. வைரஸ் கொஞ்சம் கசிந்து கல்லீரலுக்குப் போனாலும், அங்கே கதிர் படாததால் மரபணு பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கும். மேலும் டிஎன்எஃப் செல்லைவிட்டு வெளியே சுரக்கும் புரதம். ஆகவே வைரஸ் நுழையாத பக்கத்துச் செல்லுக்கும் அதன் அடி விழும். கட்டியின் எல்லாச் செல்லுக்குள்ளும் மரபணுவைச் சேர்ப்பது முடியாத காரியம் என்று தெரிந்தே இந்தப் புரதத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

முதல் கட்டம்: கண்டதும் நம்பியதும்

மனிதர்களில் முதல் சோதனைக்கு ஒரு நிழல் இருந்தது. 1999 செப்டம்பரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், வேறொரு பிறவி நோய்க்கான மரபணு சிகிச்சையில், 18 வயது இளைஞர் ஒருவர் அடினோவைரஸுக்கு உடல் காட்டிய கடும் எதிர்ப்பால் இறந்தார். அவருக்குக் கல்லீரல் தமனி வழியே சென்றவை ஏறத்தாழ 38 லட்சம் கோடி வைரஸ் துகள்கள். டிஎன்எஃபரேட் குழு 4 கோடித் துகள்களிலிருந்து தொடங்கி, படிப்படியாக 40,000 கோடிவரை ஏறியது. இரத்தத்தில் விடாமல் கட்டிக்குள் நேரடியாக ஊசி போட்டது. அன்றைய சூழலில் இதைவிட எச்சரிக்கையாக நடந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

பலவகைக் கட்டிகள் கொண்ட 36 நோயாளிகள் சேர்ந்தார்கள். முடிவுகள் 2004இல் வெளிவந்தன. மதிப்பிட முடிந்த 30 பேரில் 21 பேருக்குக் கட்டி ஏதோ ஓர் அளவில் சுருங்கியது. 5 பேருக்கு முழுவதும் மறைந்தது. காய்ச்சல், குளிர் நடுக்கம், ஊசி போட்ட இடத்தில் வலி ஆகியவைதான் முக்கியத் தொல்லைகள். சிகிச்சையை நிறுத்தும் அளவுக்கு நச்சு இல்லை.

அந்த ஆய்வில் என் கவனம் நிற்பது வேறோர் இடத்தில். சில நோயாளிகளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு கட்டிகள் இருந்தன. ஒன்றுக்குக் கதிர்வீச்சும் ஊசியும். மற்றொன்றுக்குக் கதிர்வீச்சு மட்டும். ஒரே உடல், ஒரே நோய், ஒரே நோயெதிர்ப்பு மண்டலம். அப்படி ஒப்பிட முடிந்த 5 பேரில் 4 பேருக்கு ஊசி போட்ட கட்டி மற்றதிலிருந்து வேறுபட்டு நன்றாகச் சுருங்கியது. 5 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. ஆனால் ஒருவரே தமக்குத் தாம் ஒப்பீடாக அமைவது போன்ற சுத்தமான ஒப்பீடு புற்றுநோய் மருத்துவத்தில் எளிதில் கிடைக்காது. ஊசியும் கதிரும் சேர்ந்தால் அந்த இடத்தில் கூடுதல் பலன் உண்டு என்ற நம்பிக்கைக்கு அது நியாயமான அடிப்படையே.

அதே ஒப்பீட்டை இன்று மறுபடி படிக்கும்போது இன்னொன்றும் தெரிகிறது. இரண்டாவது கட்டி அங்கே இருந்துகொண்டிருந்தது. ஊசி போட்ட கட்டி கரைந்தாலும், போடாத கட்டி தன் போக்கில் நின்றது. சிகிச்சையின் வலிமையும் அதன் எல்லையும் அந்த ஐந்து பேரின் ஸ்கேன் படங்களிலேயே பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

ஏன் கணையம்?

கை, கால் சதைப் புற்று, உணவுக்குழாய்ப் புற்று, தலை கழுத்துப் புற்று ஆகியவற்றிலும் இந்த மருந்து சோதிக்கப்பட்டது. ஆனால் அனுமதி பெறுவதற்கான பெரிய சோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது கணையம். காரணங்கள் புரிந்துகொள்ளக்கூடியவை. வேறு நல்ல சிகிச்சை இல்லை. நோய் வேகமானது, ஆகவே வாழ்நாள் நீள்கிறதா என்பது சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிடும். நோய் ஓரிடத்தில் இருப்பதாக ஸ்கேன் சொல்கிறது. கதிர்வீச்சு ஏற்கெனவே வழக்கமான சிகிச்சையின் பகுதி.

ஊசி போடுவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, சி.டி. அல்லது அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே வயிற்றுத் தோல் வழியாக நீண்ட ஊசியைச் செலுத்துவது. மற்றது, வாய்வழியே எண்டோஸ்கோப்பை இறக்கி, அதன் நுனியிலுள்ள அல்ட்ராசவுண்டால் கட்டியைப் பார்த்து, இரைப்பைச் சுவர் வழியாகக் குத்துவது. 50 நோயாளிகளில் இரண்டு வழிகளும் முயன்று பார்க்கப்பட்டன. ஒரு லட்சம் கோடித் துகள் அளவில் கணைய அழற்சியும் பித்தநாள அழற்சியும் வந்ததால், 40,000 கோடியே மேல் வரம்பு என்று முடிவானது. அந்த அளவைப் பெற்றவர்களின் நடுவளவு வாழ்நாள் 10.9 மாதம். முந்தைய ஆய்வுகளின் எண்களோடு வைத்துப் பார்த்தபோது அது நம்பிக்கை தந்தது.

மூன்றாம் கட்டம்: எடுத்த முடிவுகள்

நோயாளிகள் சீட்டுக் குலுக்கியதுபோல இரண்டு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். மூவரில் இருவருக்குப் புதிய சிகிச்சை; ஒருவருக்கு வழக்கமான சிகிச்சை. எல்லோருக்கும் 50.4 கிரே கதிர்வீச்சு, இடைவிடாமல் சொட்டும் ஃப்ளூரோயுராசில், பின்னர் ஜெம்சிடபின் என்ற கீமோ மருந்து. புதிய பிரிவினருக்கு இவற்றோடு வாரம் ஒருமுறை, ஐந்து வாரம், கட்டிக்குள் டிஎன்எஃபரேட் ஊசி. மற்றவர்களுக்குப் பொய் ஊசி எதுவும் போடவில்லை. பலன் இல்லை என்று தெரிந்தே ஒருவருடைய கணையத்துக்குள் ஐந்து முறை ஊசி ஏற்ற எந்த நெறிமுறைக் குழுவும் எளிதில் ஒப்பாது. அந்த முடிவு சரியானது. அதன் விலை, யார் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரிந்துபோனது.

இன்னொரு முடிவை மனமாரப் பாராட்டுகிறேன். வெற்றியின் அளவுகோலாகக் கட்டி சுருங்குவதை எடுத்துக்கொள்ளாமல், நோயாளி எவ்வளவு காலம் உயிரோடிருக்கிறார் என்பதை எடுத்தார்கள். இந்த அளவுகோல் கடுமையானது, ஏமாற்ற முடியாதது. 2003 அக்டோபரில் சீன அரசு, புற்றைத் தடுக்கும் பி53 மரபணுவை ஏந்திய ஜெண்டிசைன் என்ற அடினோவைரஸ் மருந்துக்கு, தலை கழுத்துப் புற்றுக்காக அனுமதி தந்தது. கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுத்தபோது கட்டிகள் முழுதும் மறைந்தவர்களின் விகிதம் கூடியதே அதன் முக்கியச் சான்று. வாழ்நாள் நீண்டதா என்று வெளிநாட்டு வல்லுநர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். டிஎன்எஃபரேட்டுக்கு அந்தக் கேள்வி எழாதபடி தொடக்கத்திலேயே பார்த்துக்கொண்டார்கள்.

சோதனை ஓடிக்கொண்டிருந்தபோதே இடைக்காலக் கணக்குகள் வெளிவந்தன. முதல் சில டஜன் நோயாளிகளின் கணக்கு புதிய மருந்துக்குப் பெரிதும் சாதகமாக இருந்தது. நோயாளிகள் கூடக்கூட அந்த வேறுபாடு குறைந்தது. சிறிய எண்ணிக்கையில் தற்செயல் ஊதிப் பெருகித் தெரியும் என்பது புள்ளியியலின் அரிச்சுவடி. ஆனால் காத்திருக்கும் குடும்பங்களுக்கு அந்த முதல் எண்கள் எப்படி ஒலித்திருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. 2010 மார்ச் மாத இடைக்கணக்கில், இலக்கை எட்ட வாய்ப்பில்லை என்று தெரிந்தது. நிறுவனம் சோதனையை நிறுத்தியது.

முடிவு

முழு விவரம் 2013இல் வெளிவந்தது. ஊசி பெற்றவர்களின் நடுவளவு வாழ்நாள் 10.0 மாதம். பெறாதவர்களுக்கும் 10.0 மாதம். இரு பிரிவுகளையும் ஒப்பிடும் இறப்பு வேக விகிதம் (1 என்றால் வேறுபாடு இல்லை) 0.90, அதன் நம்பக எல்லை 0.66 முதல் 1.22வரை. அதாவது சிறிய நன்மையும் இருக்கலாம், சிறிய தீமையும் இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். நோய் மேலும் வளராமல் இருந்த காலம் 6.8 மாதமும் 7.0 மாதமும். ஊசி பெற்றவர்களுக்குக் காய்ச்சலும் நடுக்கமும் கூடுதல். கடுமையான பக்கவிளைவுகள் இரு பிரிவிலும் ஏறத்தாழ சமம்.

1981இன் 40 வாரத்தை இங்கே நினைவுபடுத்துகிறேன். 10 மாதம் என்பது சுமார் 43 வாரம். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், எத்தனையோ புதிய கருவிகள், புதிய ஸ்கேன்கள். எண் மட்டும் நகரவே இல்லை.

தோல்வியின் காரணங்களை ஆராய்தல்

சுவிட்ச் வேலை செய்யவில்லையா? அதை நேரடியாகச் சொல்லும் சான்றுக்கு, சிகிச்சையின்போது திசு எடுத்து, டிஎன்எஃப் சுரந்ததா என்று அளந்திருக்க வேண்டும். பெரிய சோதனையில் இப்படித் திரும்பத் திரும்பத் திசு எடுப்பது நோயாளிக்குச் சுமை. ஆனால் முதல் கட்டத்தின் இரட்டைக் கட்டிகளைப் பார்க்கும்போது, சுவிட்சை முதலில் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஊசி கட்டிக்குள் எவ்வளவு தூரம் போனது என்பது வலுவான சந்தேகம். கணையப் புற்று ஒரு மிருதுவான செல் குவியல் அன்று. பெரும்பகுதி கெட்டியான நார்த்திசு. அதனுள் புற்றுச் செல்கள் ஆங்காங்கே சிறு கூட்டங்களாகப் புதைந்திருக்கும். அந்த நாரில் திரவம் எளிதில் பரவாது. ஊசி போன தடத்தை ஒட்டியே வைரஸ் தங்கிவிடும். பெருகாத வைரஸ் என்பதால் அங்கிருந்து மேலும் பரவவும் வழியில்லை. அடினோவைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியும் பல புற்றுச் செல்களில் குறைவு. டிஎன்எஃப் வெளியே சுரந்து அக்கம்பக்கத்தை எட்டும் என்பது உண்மைதான். அந்த அக்கம்பக்கம் ஒரு முழுக் கட்டியின் அகலத்துக்குப் போதுமா என்பதே கேள்வி.

இதற்கு ஒரு மறைமுகக் குறிப்பும் கிடைத்தது. எண்டோஸ்கோப் வழியே ஊசி பெற்றவர்களுக்கு, வயிற்றுத் தோல் வழியே பெற்றவர்களைவிட நோய் வளரும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. ஆனால் எந்த வழி என்பது குலுக்கலில் முடிவானதன்று. கட்டியின் இடம், மருத்துவமனையின் வசதி, மருத்துவரின் பழக்கம் ஆகியவை அதில் கலந்திருக்கின்றன. அதனால் இதை ஒரு முடிவாகக் கொள்ள முடியாது. இருந்தும், ஊசி போடும் கை சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை இது உரக்கச் சொல்கிறது. மாத்திரையை யார் கொடுத்தாலும் அதே மாத்திரைதான்; கட்டிக்குள் போடும் மரபணு மருந்துக்கு அந்த வசதி இல்லை.

தமனிவரை வளராத சிறிய கட்டிகள் கொண்டவர்களிடம், 10.9 மாதத்துக்கு 9.0 மாதம் என்று ஊசிப் பிரிவு சற்று முந்தியது. இதைப் பிடித்துக்கொண்டு மருந்தைக் காப்பாற்ற நினைப்பவர்கள் இருக்கலாம். தோற்ற சோதனையை அறுத்து அறுத்துப் பார்த்தால் ஏதாவது ஒரு துண்டு வென்றதாகத் தெரியும். சிறிய கட்டியில் ஊசி முழுதும் எட்டும் என்ற விளக்கம் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அடுத்த சோதனைக்கான கேள்வியாக இருக்கலாமே தவிர, இந்தச் சோதனையின் விடையாக முடியாது.

என் கணிப்பில் முதன்மைக் காரணம் இவை எதுவும் அல்ல. நோயாளிகளைக் கொன்றது பெரும்பாலும் ஊசி போட்ட கட்டி இல்லை. 2009இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள், கணையப் புற்றால் இறந்த 76 பேரின் உடற்கூறாய்வு முடிவுகளை வெளியிட்டார்கள். சுமார் 70 விழுக்காட்டினர் உடலெங்கும் பரவிய நோயோடு இறந்திருந்தார்கள். 30 விழுக்காட்டினர் மட்டுமே, கணையத்தைச் சுற்றியே அழித்த நோயால் இறந்திருந்தார்கள். பரவல் மிகுந்தவர்களின் கட்டிகளில் டிபிசி4 என்ற மரபணு பெரும்பாலும் செயலிழந்திருந்தது. அதிகம் பரவாதவர்களிடம் பெரும்பாலும் செயலோடு இருந்தது.

ஸ்கேனில் தெரியாத பரவல், நோய் கண்டறியும் நாளிலேயே பலரிடம் இருந்திருக்க வேண்டும். அவர்களுக்கு ஐந்து வாரம் ஊசியும் கதிரும் கட்டியை எவ்வளவு நன்றாக அடக்கினாலும், கல்லீரலில் வளரும் விதைகளை அது தொடவில்லை. கதிர் படும் இடத்தில் மட்டும் விழிக்கும் மரபணு என்பதுதான் இந்த மருந்தின் பெருமை. இந்த நோயில் அதுவே அதன் குறையாகவும் ஆனது.

பின்னர் நடந்தவை

சோதனை நின்ற மூன்றே மாதத்தில், 2010 ஜூனில், ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற நான்கு மருந்துக் கீமோ கூட்டின் முடிவை பிரெஞ்சு ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஏற்கெனவே பரவிவிட்ட கணையப் புற்றில் ஜெம்சிடபின் தந்த நடுவளவு வாழ்நாள் 6.8 மாதம், புதிய கூட்டு தந்தது 11.1 மாதம். அதில் சேர்க்கப்பட்டவர்கள் நல்ல உடல்நிலையில் இருந்தவர்கள். ஆகவே இரு சோதனைகளின் எண்களை நேராக மோதவிடக் கூடாது. ஆனாலும் பரவிய நோயாளிகளுக்குக் கிடைத்த 11.1 மாதத்தையும், பரவாத நோயாளிகளுக்குக் கிடைத்த 10.0 மாதத்தையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்த எந்த மருத்துவருக்கும், எந்தத் திசையில் உழைக்க வேண்டும் என்பது புரிந்திருக்கும்.

2016இல் வெளிவந்த இன்னொரு பெரிய ஆய்வு கதையை மேலும் தெளிவாக்கியது. வெட்ட முடியாத கணையப் புற்றில் நான்கு மாதம் கீமோ கொடுத்து, நோய் அடங்கி நின்றவர்களை மட்டும் இரண்டாகப் பிரித்தார்கள். கீமோவையே தொடர்ந்தவர்களின் நடுவளவு வாழ்நாள் 16.5 மாதம், கதிர்வீச்சுக்கு மாறியவர்களுக்கு 15.2 மாதம். கணையத்துக்குள் நோய் மீண்டும் வளர்ந்தவர்கள் கதிர்வீச்சுப் பிரிவில் குறைவு: 46 விழுக்காட்டுக்கு 32. கதிர்வீச்சு தன் வேலையைச் செய்தது, ஆயுள் கூடவில்லை. கதிர்வீச்சுக்கே இந்த நிலை என்றால், கதிர்வீச்சைக் கூர்மையாக்கும் துணை மருந்து ஆயுளைக் கூட்டும் என்று எதிர்பார்த்ததில் என்ன பிழை என்பது பின்னோக்கிப் பார்க்கையில் விளங்குகிறது. சோதனையைத் தொடங்கியபோது அது யாருக்கும் விளங்கியிருக்க நியாயமில்லை.

இதே கூட்டுச் சிகிச்சைக் கருத்து வேறோர் உறுப்பில் வேறு விடை தந்தது. பரவாத புரோஸ்டேட் புற்றில், ஹெர்ப்பிஸ் வைரஸின் தைமிடின் கைனேஸ் மரபணுவை அடினோவைரஸில் ஏற்றிப் புரோஸ்டேட்டுக்குள் ஊசி போட்டு, வாலாசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையும் கதிர்வீச்சும் கொடுக்கும் முறை அது. மாத்திரையை மரபணு நஞ்சாக மாற்றும். கதிரால் உடைந்த டிஎன்ஏயைச் செல் சரிசெய்யும்போது அந்த நஞ்சு உள்ளே புகுந்து வேலையைக் கெடுக்கும். 745 ஆண்கள் பங்கேற்ற மூன்றாம் கட்ட முடிவை கேண்டல் தெரப்யூட்டிக்ஸ் நிறுவனம் 2024 டிசம்பரில் அறிவித்தது. நோய் திரும்புவது அல்லது இறப்பதன் அபாயம் 30 விழுக்காடு குறைந்தது. இரண்டாண்டு கழித்து எடுத்த திசுவில் புற்றே இல்லாதவர்கள் 80.4 விழுக்காடு, ஒப்பீட்டுப் பிரிவில் 63.6. புரோஸ்டேட்டில் ஊசி ஏறக்குறைய முழு உறுப்பையும் எட்டலாம், நோய் மெதுவாக நகர்கிறது, உறுப்புக்குள் மிஞ்சும் செல்களே பெரும்பாலும் பின்னாளைய சிக்கலுக்குத் தொடக்கம். கணையத்தில் இந்த மூன்றில் எதுவும் இல்லை.

இன்று செய்தால் எதை மாற்ற வேண்டும்

முதலில் கீமோ, கதிரும் ஊசியும் பிறகு. சில மாதக் கீமோவுக்குள் கல்லீரலில் நோய் வெளிப்பட்டவர்களுக்குக் கட்டிக்குள் ஊசி போட்டுப் பயனில்லை. அவர்களை அந்த வலியிலிருந்து காப்பாற்றலாம். அடங்கி நின்றவர்களிடம்தான் உள்ளூர்ச் சிகிச்சைக்கு அர்த்தம் இருக்கிறது. அவர்களிலும் டிபிசி4 செயலோடு இருப்பவர்களைத் தனியே பார்க்க வேண்டும். நோய் கண்டறிய எடுக்கும் திசுவிலேயே அந்தச் சோதனையைச் செய்யலாம். நோயாளிக்கு ஒரு குத்துகூட அதிகமாகாது.

ஊசி போடும் வழி ஒன்றாக இருக்க வேண்டும், அல்லது வழியையும் குலுக்கலில் சேர்க்க வேண்டும். மருந்தோடு ஸ்கேனில் தெரியும் சாயம் சிறிது கலந்து, அது கட்டியின் எந்தப் பகுதியை எட்டியது என்று ஒவ்வொரு முறையும் படமெடுத்துப் பதிந்திருந்தால், மருந்து பரவாததா, சுவிட்ச் வேலை செய்யாததா குறை என்று இன்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. குறைந்தது ஒரு சிறு குழுவிலாவது, இரண்டாம் வாரத்தில் திசு எடுத்து டிஎன்எஃப் அளவைப் பார்த்திருக்க வேண்டும். இடைக்கால எண்களை, சோதனை முடியும்வரை கண்காணிப்புக் குழுவுக்கு வெளியே விடாமலிருப்பது நல்லது என்பதும் என் கருத்து.

ஒப்புதல் படிவமும் மாற வேண்டும். கட்டி சுருங்கும் வாய்ப்பு ஒரு வரி. அதனால் ஆயுள் கூடும் வாய்ப்பு தனியாக இன்னொரு வரி. நோயாளி இரண்டையும் தம் மொழியில் படித்து, இரண்டும் வேறுவேறு என்று தம் வாயால் திருப்பிச் சொன்ன பிறகே கையெழுத்து வாங்க வேண்டும்.